சாலைச் சாவுகளை எண்ணிய டாக்டர்

காய்ச்சல் வந்தால் மக்கள் டாக்டரிடம் ஓடுகிறார்கள். அம்மை பரவினால் சுகாதார இலாகாவினர் ஊசியோடு வருகிறார்கள். காலரா வந்தால் குடிநீரைச் சோதிக்கிறார்கள்.

ஆனால் கார் மோதி மனிதர்கள் செத்தால்? அதற்கு எந்த டாக்டரைக் கூப்பிடுவது?

அதையும் ஒரு நோய் போல ஆராயலாம், தடுக்கலாம் என்று காட்டியவர் டாக்டர் வில்லியம் ஹாடன். அமெரிக்காக்காரர். அவர் கையாண்ட மருந்து மாத்திரையும் அல்ல, ஊசியும் அல்ல. எண்ணிக்கை!

எத்தனை பேர் செத்தார்கள்? எங்கே? எந்த நேரத்தில்? எந்தக் காரில்? உடம்பில் எந்த இடத்தில் அடிபட்டது? இப்படிக் கேட்டு, கேட்டதைக் கணக்கெடுத்து, அந்தக் கணக்கைச் சட்டமாக மாற்றியவர் அவர்.

இன்று காரில் ஏறியதும் தோளில் குறுக்காகப் போட்டுக்கொள்ளும் சீட் பெல்ட், மோதினால் மடங்கிக்கொள்ளும் ஸ்டியரிங், ஊதிப் பெருத்துத் தலையைத் தாங்கும் காற்றுப்பை – இவற்றை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் இவை பணக்காரர் வாங்கும் ஆடம்பரமாக நின்றுவிடாமல், எல்லாக் கார்களிலும் கட்டாயமானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இரண்டு படிப்பு

1926-ம் ஆண்டு மே மாதம் 24-ந் தேதி, அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் உள்ள ஆரஞ்சு என்ற ஊரில் ஹாடன் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ விமானப் படையில் பணியாற்றினார்.

போர் முடிந்ததும் படிப்பைத் தொடர்ந்தார். புகழ் பெற்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1949-ல் பட்டம் பெற்றார். பிறகு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படித்து, 1953-ல் டாக்டர் ஆனார்.

அதோடு அவர் திருப்தி அடையவில்லை. மீண்டும் ஹார்வர்டுக்கே போய்ப் பொது சுகாதாரம் படித்தார். 1957-ல் அந்தப் பட்டமும் கிடைத்தது.

பொது சுகாதாரம் என்பது ஒரு நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பது அல்ல. ஊருக்கே வைத்தியம் பார்ப்பது. ஊரில் நோய் பரவினால் நோயாளியைத் திட்டிப் பயன் இல்லை. எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தார்கள், எந்தக் கொசு கடித்தது என்று தேட வேண்டும். காரணத்தைப் பிடித்து அடைத்தால் நோய் தானாக நிற்கும்.

இந்தப் பாடத்தைத்தான் ஹாடன் சாலைக்குக் கொண்டுபோனார்.

பழி யார் மேல்?

1950-களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சாலைகளில் ஆண்டுதோறும் 36,000 பேருக்கு மேல் மாண்டார்கள். சின்னப் பட்டணம் ஒன்றே ஆண்டுக்கு ஒரு முறை காலியாவது போல!

ஆனால் இதைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. விபத்து என்றால் விதி. விதி இல்லாவிட்டால் டிரைவரின் குற்றம். இவ்வளவுதான் அன்றைய எண்ணம்.

ஆகவே வழியும் ஒன்றுதான் இருந்தது. டிரைவருக்குப் புத்தி சொல்வது. சுவரொட்டிகள் ஒட்டினார்கள். ரேடியோவில் பேசினார்கள். பாதுகாப்பு வாரம் கொண்டாடினார்கள். அதனால் சாவு குறைந்ததா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

ஹாடன் நியூயார்க் மாநிலச் சுகாதார இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். தலைநகர் ஆல்பனி. அங்கே கவர்னரின் அலுவலகத்தில் மொய்னிஹன் என்ற இளைஞர் இருந்தார். பிற்காலத்தில் செனட் சபை உறுப்பினராகப் பெயர் பெற்றவர் அவர். மாநிலத்தின் போக்குவரத்துப் பாதுகாப்புக் குழு அவர் பொறுப்பில் இருந்தது.

ஒரு நாள் அவர் கூட்டிய கூட்டத்தில், முடியை ஒட்ட வெட்டிய ஓர் இளம் டாக்டர் பின்வரிசையில் இருந்து கேள்வி மேல் கேள்வி கேட்டார். செய்யப்போகும் வேலைக்கு ஆதாரம் என்ன? புள்ளி விவரம் எங்கே? பலன் கிடைத்ததா என்று எப்படி அறிவது?

மொய்னிஹனிடம் பதில் இல்லை. அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதே இல்லை. கேள்வி கேட்டவர்தான் ஹாடன். அன்று முதல் இருவரும் நண்பர்கள் ஆனார்கள். 1959-ல் மொய்னிஹன் சாலைச் சாவுகளைக் கொள்ளை நோய்க்கு ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அது பலர் கண்ணைத் திறந்தது.

83 டிரைவர்கள்

பிறரைக் கேள்வி கேட்டவர் தாமும் சும்மா இருக்கவில்லை.

நியூயார்க் நகரத்தை அடுத்து வெஸ்ட்செஸ்டர் என்ற மாவட்டம் இருக்கிறது. அங்கே விபத்தில் இறந்தவர்களின் ரத்தத்தை டாக்டர்கள் சோதித்து வந்தார்கள். ஹாடனும், அந்த மாவட்டத்தின் பிணப் பரிசோதனை டாக்டரும் சேர்ந்து அந்தக் கணக்குகளைப் புரட்டினார்கள்.

வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படாமல், தனியாகப் போய் மோதி, சிறிது நேரத்தில் இறந்த டிரைவர்கள் 83 பேர். இவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரின் ரத்தத்தில் மிக அதிகமான மது இருந்தது. ஒரு கோப்பை, இரண்டு கோப்பை குடித்தால் வரும் அளவு அல்ல அது. மூக்கு முட்டக் குடித்தவர்களின் அளவு!

1959-ல் இந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. அதுவரை விருந்தில் கொஞ்சம் குடித்தவர்தான் விபத்துக்குக் காரணம் என்று நினைத்தவர்கள் உண்டு. குடி ஒரு பெரிய காரணமே அல்ல என்று சொன்னவர்களும் உண்டு. 83 பேரின் ரத்தம் இரு சாராருக்கும் பதில் சொன்னது.

அதே இடம், அதே நேரம்

அடுத்து ஹாடன் குழுவினர் செய்த காரியம் வேடிக்கையானது. ஆனால் மிகவும் புத்திசாலித்தனமானது.

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில், நடந்து போகும்போது வண்டி மோதி இறந்த பெரியவர்கள் 50 பேரின் விவரத்தை எடுத்தார்கள். அவர்களில் எத்தனை பேர் குடித்திருந்தார்கள், என்ன வயது என்று குறித்தார்கள்.

ஆனால் இது மட்டும் போதுமா? இறந்தவர்களில் பலர் கிழவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தெருவில் நடப்பவர்கள் எல்லாருமே கிழவர்களாக இருந்தால், அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லையே!

ஆகவே, சாவு நடந்த ஒவ்வோர் இடத்துக்கும் அவர்கள் திரும்பப் போனார்கள். அதே கிழமை, அதே நேரம். அங்கே நடந்து வந்த நான்கு பேரை நிறுத்தினார்கள். வயது கேட்டார்கள். மது இருக்கிறதா என்று அறிய மூச்சையும் சோதித்தார்கள். இப்படி 200 பேர்!

இறந்த 50 பேரையும், இறக்காத 200 பேரையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது உண்மை துலங்கியது. சாவுக்கு இரையானவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையினர். ஒரு வகை, குடிக்காத முதியவர்கள். மற்றொரு வகை, நிறையக் குடித்த நடுவயதினர்.

இரண்டு வகைக்கும் ஒரே மருந்து பலிக்காது. முதியவர் தெருவைக் கடக்க அதிக நேரம் வேண்டும். குடித்தவருக்கு வேறு வழி தேட வேண்டும். எல்லாருக்கும் ஜாக்கிரதை என்று ஒரே பலகையை மாட்டி என்ன பயன்?

1961-ல் வெளிவந்த இந்த ஆராய்ச்சி, விபத்தை எப்படி எண்ண வேண்டும் என்பதற்கே பாடம் ஆயிற்று.

பானையும் வைக்கோலும்

ஹாடனுக்கு முன்பே இந்த வழியில் நடந்த ஒருவர் உண்டு. அவர் பெயர் ஹ்யூ டிஹேவன். முதல் உலகப் போரின்போது விமானப் பயிற்சியில் இரண்டு விமானங்கள் மோதிக்கொண்டன. டிஹேவன் படுகாயத்துடன் பிழைத்தார். தான் எப்படிப் பிழைத்தேன் என்ற கேள்வி அவரை விடவில்லை.

50 அடி முதல் 150 அடி வரை உயரத்தில் இருந்து விழுந்தும் பிழைத்தவர்களைப் பற்றி அவர் ஆராய்ந்தார். 1942-ல் அதை வெளியிட்டார். விழுந்த உயரம் மட்டும் ஆளைக் கொல்வதில்லை. எதன் மேல் விழுந்தார், அடி உடம்பில் எப்படிப் பரவியது என்பதுதான் முக்கியம் என்று கண்டார்.

இது நம் ஊர்க் குயவருக்கும் தெரிந்த உண்மைதான். மண்பானைகளை வண்டியில் ஏற்றும்போது சுற்றிலும் வைக்கோல் வைக்கிறார். பள்ளத்தில் வண்டி குலுங்கினாலும் பானை உடையாது. பானைக்குச் செய்ததைக் காரில் போகும் மனிதனுக்குச் செய்யவில்லை!

டிஹேவனின் ஆராய்ச்சியை ஹாடன் போற்றினார். 1964-ல் மற்ற இருவருடன் சேர்ந்து அவர் தொகுத்த பெரிய நூலில் அதற்கும் இடம் கொடுத்தார்.

பிறகு ஹாடன் இன்னும் ஒரு படி மேலே போனார். மலேரியாவுக்குக் காரணம் ஒரு கிருமி. அது போலக் காயத்துக்குக் காரணம் என்ன? வேகம் என்ற சக்தி! ஓடும் காரில் அந்தச் சக்தி அடைபட்டுக் கிடக்கிறது. கார் சட்டென்று நின்றால், சக்தி மனித உடம்பில் பாய்கிறது. உடம்பு தாங்கும் அளவைத் தாண்டினால் எலும்பு முறிகிறது; உயிர் போகிறது.

அப்படியானால், மோதலைத் தடுக்க முடியாவிட்டாலும் சாவைத் தடுக்கலாம். அந்தச் சக்தி உடம்பில் பாயாதபடி செய்தால் போதும்.

இதனால் விபத்து என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. அந்தச் சொல்லைச் சொன்னால், ஏதோ தற்செயலாக நடந்தது என்ற எண்ணம் வந்துவிடும் அல்லவா? அவர் அலுவலகத்தில் அந்தச் சொல்லைச் சொல்கிறவர்கள் 10 சென்ட் அபராதம் கட்ட வேண்டும் என்று சொல்வார்கள்.

ஒன்பது கட்டங்கள்

ஜாதகத்துக்குக் கட்டம் போடுவார்கள். ஹாடன் சாலைச் சாவுக்குக் கட்டம் போட்டார்!

மேலிருந்து கீழாக மூன்று வரிசை. மோதலுக்கு முன்; மோதும் கணத்தில்; மோதலுக்குப் பின். இடமிருந்து வலமாக மூன்று பத்தி. மனிதன், வண்டி, சாலை. ஆக ஒன்பது கட்டங்கள்.

மோதலுக்கு முன், மனிதன் குடித்திருந்தானா? வண்டியின் பிரேக் சரியாக இருந்ததா? சாலையில் விளக்கு எரிந்ததா?

மோதும் கணத்தில், மனிதன் பெல்ட் கட்டியிருந்தானா? வண்டியின் கதவு திறந்துகொண்டதா? சாலை ஓரத்தில் இரும்புக் கம்பம் நின்றதா?

மோதலுக்குப் பின், மனிதனுக்கு எவ்வளவு ரத்தம் போயிற்று? வண்டியில் பெட்ரோல் ஒழுகித் தீப் பிடித்ததா? ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

அதுவரை எல்லாரும் முதல் கட்டத்தையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். மீதி எட்டுக் கட்டங்களையும் பாருங்கள் என்பதே ஹாடனின் வேண்டுகோள். ஓட்டுகிறவன் செய்த தவற்றுக்கு அவனும், பின்னால் உட்கார்ந்த குழந்தையும் உயிரைக் கொடுக்க வேண்டியது இல்லை.

சட்டம் வந்தது

1965-ல் ரால்ஃப் நாடர் என்ற இளம் வக்கீல் அமெரிக்கக் கார்களின் குறைகளை அம்பலப்படுத்தி ஒரு புத்தகம் எழுதினார். நாடே கொதித்தது. 1966-ல் சாலைச் சாவு 50,000-ஐத் தாண்டியது.

1966-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி ஜனாதிபதி ஜான்சன் இரண்டு சட்டங்களில் கையெழுத்துப் போட்டார். ஒன்று கார்களுக்கு, மற்றொன்று சாலைகளுக்கு. கார் எப்படி இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளருக்கு உத்தரவிடும் அதிகாரம் முதன்முதலாக மத்திய சர்க்காருக்குக் கிடைத்தது.

இந்த அதிகாரத்தை யார் கையில் கொடுப்பது? ஜான்சன் தேர்ந்தெடுத்தவர், 40 வயது டாக்டர் ஹாடன்!

வேலை மலை போல் இருந்தது. 1967 ஜனவரி மாதத்துக்குள் முதல் விதிகள் வெளியாக வேண்டும் என்பது சட்டம். ஹாடன் பதவி ஏற்றதோ 1966 அக்டோபரில். 23 விதிகளை வகுத்து முன்வைத்தார்கள். கார்க் கம்பெனிகள் இவ்வளவு கெடுபிடி கூடாது என்றன. நாடர் முதலியோர் இது போதாது என்றார்கள். இரு பக்கமும் இடி!

கடைசியில் 1967 ஜனவரி 31-ல் 20 விதிகள் வெளியாயின. 1968-ம் ஆண்டு முதல் தேதியில் இருந்து தயாராகும் கார்களில் சீட் பெல்ட் கட்டாயம் ஆயிற்று. பிரேக்கில் ஒரு பகுதி பழுதானாலும் மறுபகுதி வேலை செய்ய வேண்டும் என்று விதி வந்தது.

ஸ்டியரிங் தண்டைப் பற்றிய விதி மிக முக்கியமானது. பழைய கார்களில் அந்தத் தண்டு ஒரே இரும்பு. கார் மோதினால் அது ஈட்டி போல டிரைவரின் மார்பில் பாயும். புதிய தண்டு மோதலில் மடங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள்.

பலன் என்ன? 1981-ல் சர்க்காரே கணக்கெடுத்துப் பார்த்தது. முன்பக்க மோதல்களில் டிரைவர்கள் சாவதை அந்த ஒரு மாற்றமே ஏறக்குறைய 12 சதவீதம் குறைத்திருந்தது. டிரைவர்களுக்கு அது பற்றித் தெரியவே தெரியாது. அவர்கள் ஒரு பொத்தானைக்கூட அழுத்த வேண்டியிருக்கவில்லை.

டெலிவிஷன் சோதனை

1969-ல் நிக்ஸன் ஜனாதிபதி ஆனார். ஹாடன் பதவியை விட்டு விலகினார். ஆனால் வேலையை விடவில்லை.

இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து 1959-ல் ஏற்படுத்திய நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகம் ஒன்று இருந்தது. அதன் தலைவராக ஹாடன் சென்றார். அதை முழுக்க முழுக்க ஆராய்ச்சிக் கழகமாக மாற்றினார்.

அங்கே நடந்த ஓர் ஆராய்ச்சி மிகப் பிரசித்தம். கார்களில் பெல்ட் வந்துவிட்டது. ஆனால் ஜனங்கள் கட்டிக்கொள்ளவில்லை. டெலிவிஷனில் நல்ல விளம்பரம் போட்டால் கட்டுவார்களா?

ஓர் ஊரில் கம்பி வழியாக டெலிவிஷன் வந்தது. ஒரு கம்பி பாதி வீடுகளுக்கு; மற்றொரு கம்பி மீதி வீடுகளுக்கு. ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒன்பது மாதம் பெல்ட் விளம்பரங்களைக் காட்டினார்கள். மறு பக்கத்துக்குக் காட்டவில்லை.

சாலைகளில் ஆட்கள் நின்று யார் பெல்ட் கட்டியிருக்கிறார்கள் என்று குறித்தார்கள். கார் நம்பரைக் கொண்டு எந்தக் கம்பி வீடு என்று கண்டுபிடித்தார்கள்.

பலன்? இரு பக்கத்தாருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை! விளம்பரத்துக்குக் கொட்டிய பணம் ஆற்றில் கரைத்த புளி ஆயிற்று.

புத்தி சொல்லியே சாவைக் குறைத்துவிடலாம் என்ற நம்பிக்கை அன்று ஆட்டம் கண்டது. 1984-ல் நியூயார்க் மாநிலம் பெல்ட் கட்டாவிட்டால் அபராதம் என்று சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுவே.

பிடிக்காத உண்மைகள்

எண்ணிக்கை எல்லாருக்கும் இனிப்பாக இருப்பதில்லை.

அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களிலேயே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். நல்ல காரியம் என்று பெற்றோர்கள் நினைத்தார்கள். கனெக்டிகட் மாநிலத்தில் சில ஊர்கள் அந்தப் பாடத்தை நிறுத்திவிட்டன. சில ஊர்கள் தொடர்ந்தன. கழகத்தினர் இரண்டையும் ஒப்பிட்டார்கள்.

பாடத்தை நிறுத்திய ஊர்களில்தான் இளம் வயதினரின் மோதல்கள் குறைந்தன! காரணம் எளிது. பள்ளியில் படித்தவர்கள் 16, 17 வயதிலேயே லைசென்ஸ் வாங்கினார்கள். படிப்பு இல்லாத ஊர்களில் பலர் பொறுத்திருந்து வாங்கினார்கள். இதைச் சொன்னதற்காகக் கழகத்தின் மேல் பலருக்குக் கோபம்.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் கதையும் அப்படித்தான். ஹாடன் பதவியில் இருந்த காலத்து விதிகளால் பெரும்பாலான மாநிலங்கள் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கின. சுதந்திரம் போயிற்று என்று மோட்டார் சைக்கிள்காரர்கள் கூக்குரல் இட்டார்கள். 1976-ல் பாராளுமன்றம் பணிந்தது. மாநிலங்களைக் கட்டாயப்படுத்தும் அதிகாரத்தை நீக்கியது. பல மாநிலங்கள் ஹெல்மெட் சட்டத்தைக் கைவிட்டன.

கழகத்தினர் மீண்டும் எண்ணினார்கள். சட்டத்தைக் கைவிட்ட மாநிலங்களில் மோட்டார் சைக்கிள் சாவு சராசரியாக 38 சதவீதம் கூடியிருந்தது! 1980-ல் இந்தக் கணக்கு வெளிவந்தது. சட்டத்தை ரத்து செய்ய ஒரு கையெழுத்துப் போதும். அதற்கு எத்தனை வீடுகள் விலை கொடுத்தன என்பதைக் கணக்குத்தான் காட்டியது.

கம்பெனிக் கணக்கில் புதையல்

இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடம் ஒரு புதையல் இருந்தது. கார் அடிபட்டால் நஷ்ட ஈடு கேட்டு வருகிறார்கள் அல்லவா? அந்தக் காகிதங்கள்தான் புதையல். எந்த மாடல் கார் அதிகம் அடிபடுகிறது, எந்தக் காரில் போகிறவர் அதிகம் காயம் அடைகிறார் என்ற விவரம் எல்லாம் அவற்றில் தூங்கிக்கொண்டிருந்தது.

1972-ல் இதற்கென்றே ஒரு தனி நிலையம் தோன்றியது. பல கம்பெனிகளின் விவரங்கள் ஓரிடத்தில் சேர்ந்தன. மாடல் வாரியாகக் கணக்கு வெளியாயிற்று. கார் வாங்குகிறவர் வெளிப் பளபளப்பை மட்டும் அல்ல, உள்ளே இருக்கும் ஆபத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வழி பிறந்தது.

சர்க்கார் பக்கத்திலும் எண்ணும் வேலை வளர்ந்தது. ஹாடன் முதல் தலைவராக இருந்த அலுவலகத்தின் வழியில் வந்த இலாகா, 1975 முதல் நாடு முழுவதும் நடக்கும் சாலைச் சாவு ஒவ்வொன்றையும் பதிவு செய்யத் தொடங்கியது. மோதல் நடந்து 30 நாட்களுக்குள் ஒருவர் இறந்தால் அது கணக்கில் ஏறும். இன்று அது கம்ப்யூட்டரில் யாரும் பார்க்கக்கூடிய பெரும் பேரேடு.

காரின் பின்புறம், நடுவில், உயரத்தில் எரியும் மூன்றாவது சிவப்பு விளக்கைப் பலர் பார்த்திருப்பார்கள். பிரேக் போட்டால் அது எரியும். அதுவும் எண்ணிக்கையில் பிறந்ததே. சில டாக்சிகளில் மாட்டியும், சிலவற்றில் மாட்டாமலும் ஓடவிட்டு ஒப்பிட்டார்கள். ஹாடனின் கழகமும் இந்தச் சோதனையை நடத்தியது. பிரேக் போடும்போது பின்னால் வந்து மோதுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 1986 மாடல் கார்கள் முதல் அந்த விளக்கு அமெரிக்காவில் கட்டாயம் ஆயிற்று. ஜனங்களுக்குப் பழகிப்போன பிறகு பலன் குறைந்தது என்பது உண்மை. ஆனாலும் செலவுக்கு மேல் லாபமே.

காற்றுப்பைப் போராட்டம்

ஹாடனின் மனத்துக்கு மிக நெருக்கமானது காற்றுப்பை. கார் மோதிய மறுகணமே அது ஊதி, மனிதனுக்கும் இரும்புக்கும் நடுவே மெத்தை போல நிற்கும். யாரும் கட்டிக்கொள்ள வேண்டியது இல்லை. மறந்துபோகவும் வழி இல்லை.

கார்க் கம்பெனிகள் செலவைக் காட்டி எதிர்த்தன. ஒரு சர்க்கார் உத்தரவிடும். அடுத்த சர்க்கார் தள்ளிப்போடும். 1977-ல் மனிதன் கை படாமலே காக்கும் சாதனம் வேண்டும் என்று விதி வந்தது. 1981-ல் வேறு சர்க்கார் அதை ரத்து செய்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 1983-ல் சுப்ரீம் கோர்ட்டு, தக்க காரணம் காட்டாமல் விதியை ரத்து செய்தது தவறு என்று தீர்ப்பளித்தது. 1984-ல் விதி மீண்டும் உயிர் பெற்றது.

அதன் முழுப் பலனைப் பார்க்க ஹாடனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1985 மார்ச் மாதத்தில் அவர் காலமானார். வயது 58.

முன் ஆசனங்கள் இரண்டுக்கும் காற்றுப்பை என்பது 1998 மாடல் முதல் அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றிலும் கட்டாயம் ஆயிற்று. இடையில் ஒரு சோகமும் நேர்ந்தது. காற்றுப்பை ஊதும் வேகத்தில் முன் ஆசனத்தில் இருந்த சில சின்னக் குழந்தைகள் இறந்தார்கள். அதையும் கணக்குத்தான் வெளிக்கொணர்ந்தது. உடனே பையின் வேகத்தைக் குறைத்தார்கள். குழந்தைகளைப் பின் ஆசனத்தில் உட்கார வைக்கும் வழக்கம் வேரூன்றியது. நல்ல மருந்தையும் கொடுத்த பின் கவனிக்க வேண்டும் என்பது ஹாடன் படித்த பாடத்தின் ஒரு பகுதிதான்.

மிஞ்சி நிற்பது

1966-ல் அமெரிக்காவில் வண்டிகள் 10 கோடி மைல் ஓடினால் ஐந்து பேருக்கு மேல் மாண்டார்கள். ஹாடன் இறந்த 1985-ல் அது ஏறக்குறைய இரண்டரை ஆகியிருந்தது. இந்த 19 ஆண்டில் வண்டிகள் ஓடிய தூரமோ ஏறக்குறைய இரு மடங்கு! பழைய விகிதத்திலேயே செத்திருந்தால், அந்த ஒரே ஆண்டில் மேலும் 50,000 குடும்பங்களில் அழுகுரல் கேட்டிருக்கும்.

இது ஹாடன் ஒருவரின் சாதனை அல்ல. சாலைகள் நன்றாயின. ஆஸ்பத்திரிகள் பெருகின. எத்தனையோ பொறியாளர்களும் போலீஸாரும் உழைத்தார்கள். ஆனால் எங்கே உழைக்க வேண்டும் என்று வழி காட்டியது எண்ணிக்கை. எண்ணக் கற்றுக்கொடுத்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் ஹாடன்.

2004-ல் உலகச் சுகாதார ஸ்தாபனம் சாலைக் காயங்களைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. அதில் ஹாடனின் ஒன்பது கட்டங்கள் இடம் பெற்றன. பல நாடுகளில் பொது சுகாதாரம் படிக்கும் மாணவர்கள் இன்றும் அந்தக் கட்டங்களைப் போட்டுப் பார்த்துத்தான் பாடத்தைத் தொடங்குகிறார்கள்.

காரில் வெளியே போய், இரவு பத்திரமாக வீடு திரும்பும் குடும்பங்களில் பெரும்பாலோர் ஹாடனின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் எண்ணிய சாவுகளின் கணக்கு, அந்த வீடுகளில் உயிர்களாக நடமாடிக்கொண்டிருக்கிறது.